மீதியை நானே படிச்சுக்கறேன்

வேற்று மொழி கற்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் கெட்ட புத்தகமாகப் பார்த்து எடுங்கள். நல்ல புத்தகத்தில் ஒரு வாக்கியம் நாலு தெரு சுற்றிவிட்டுத்தான் வீடு வந்து சேரும். கெட்ட புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஒருவன் கதவைத் திறக்கிறான், உள்ளே வருகிறான், நாற்காலியில் உட்காருகிறான், கோபப்படுகிறான். பத்துப் பக்கத்துக்குள் கதவும் நாற்காலியும் கோபமும் உங்களுக்குச் சொந்தமாகிவிடும். நல்ல புத்தகங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவை எங்கேயும் ஓடிவிடாது.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம், ஐயா. நேற்று நீங்கள் என்னை வாயால் சொல்லச் சொன்னீர்கள். பேசினால் முன்னுக்குப் பின் உளறிவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். பெருந்தன்மையாகத் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். பேனா கொஞ்சம் கசிகிறது, பரவாயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். புத்தகத்தில் தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும், ஏனென்றால் இது அங்கேதான் தொடங்கியது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். முன்னால் கடை, நடுவில் கண் பரிசோதிக்கும் சின்ன அறை, பின்னால் வீடு. வீட்டில் நானும் என் மனைவியும். மேல்மாடியில் ஒரே ஒரு குடித்தனம். அங்கே இருந்தவரைத்தான் தெருவில் எல்லோரும் மாடியம்மா என்பார்கள். அயல்நாட்டில் பிறந்தவர். நம் ஆள் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, கணவர் காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். ஒரே மகள், அவள் தாயின் ஊருக்கே வேலைக்குப் போய்விட்டாள்.

கடையை இழுத்து மூடிய ஒருவரிடமிருந்து, லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி அரைக்கும் எந்திரம் ஒன்றை வாங்கினேன். நல்ல எந்திரம்தான். கூட வந்த கையேடுதான் எனக்குத் தெரியாத மொழியில் இருந்தது. பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதியைப் பிடித்து, வாடிக்கையாளர் வராத நேரத்தில் ஒவ்வொரு சொல்லாகப் புரட்டினேன். அந்த மொழியில் நான் முழுதாகக் கற்ற முதல் வாக்கியம், 'மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்பது.

அந்த வாரமே மாடியம்மா திருகாணி கழன்ற கண்ணாடியோடு கடைக்கு வந்தார். கையில் ஒரு புத்தகம். அட்டையைப் பார்த்தேன், என் கையேட்டில் இருந்த அதே எழுத்து. எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு அந்த ஒரே வாக்கியத்தை ஒப்பித்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இத்தனை வருஷத்துல என் பாஷையில என்கிட்ட பேசின முதல் ஆள் நீதான்" என்றார். "அதுவும் கரண்டை நிறுத்தச் சொல்றே."

எல்லோரையும் நீ என்றுதான் அழைப்பார். நம் மொழியை அவர் கடைக்காரர்களிடம் பேரம் பேசியும், பக்கத்து வீடுகளோடு சண்டை போட்டும் கற்றவர். சண்டையில் யார் 'நீங்கள்' போட்டுப் பேசுகிறார்கள்? நம் மொழியில் ஒரு புத்தகம்கூட அவர் படித்ததில்லை. ஆனாலும் ஒரு வெள்ளரிக்காய்க்குக்கூட அவரை யாரும் ஏமாற்ற முடியாது. என்னைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்.

அன்று மாடிக்குப் போய் ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்தார். "இது மட்டமான கதை. உனக்குச் சரியா இருக்கும்" என்று கொடுத்தார். கெட்ட புத்தகம் பற்றி நான் சொன்ன யோசனை உண்மையில் அவருடையதுதான். அதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அகராதியோடு படித்தேன். பிறகு அகராதி இல்லாமல் படித்தேன். ஆனால் மனதுக்குள் படிப்பது ஒன்று, வாய்விட்டு வாசிப்பது வேறு. மனதுக்குள் எல்லோருமே பண்டிதர்கள். அந்த மொழி பிறந்த வாயும் காதும் உள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்தால்தான் வண்டவாளம் தெரியும். அதனால் சனிக்கிழமை மாலைகளில் மாடிக்குப் போய் வாசிக்க ஆரம்பித்தேன். அவருடைய அறையில் இரண்டு சுவர் முழுக்கப் புத்தகம், ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, எனக்கு ஒரு ஸ்டூல். நான் வாசிப்பேன். தப்பு வந்தால் அவர் எதுவும் சொல்லமாட்டார், நாற்காலிக் கையில் விரலால் ஒரு தட்டு. நான் திரும்ப வாசிப்பேன். சரியானால் விரல் சும்மா இருக்கும். இதைவிட நல்ல பாடமுறையை நான் கண்டதில்லை.

ஒரே குறை, ஒரு பக்கம்தான். பக்கம் முடிந்ததும் கையை நீட்டுவார்.

"போதும், நாக்குக்கு ஓய்வு குடு. மீதியை நானே படிச்சுக்கறேன்."

அடுத்த சனிக்கிழமை அந்தப் புத்தகத்தை முடித்து வேறொன்றை எடுத்திருப்பார். ஆக, எத்தனையோ கதைகளின் ஒரு பக்கத்தை மட்டும் படித்த மனிதனாக நான் இருந்தேன். கல்யாணங்கள் எல்லாவற்றிலும் வாசலில் சந்தனம் பூசிக்கொண்டு திரும்பி வந்தவன் மாதிரி. இன்னும் ஒரு பக்கம் கேட்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். கெஞ்சினேன், ஐயா. அதற்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"எனக்கு மிச்சம் இருக்கறதே இந்த ஒரு சுகம்தான், கண்ணாடி. உன் வேகத்துல படிச்சா ஒரு புத்தகம் முடியறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். படிக்கும்போது அவரைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வெடி வெடித்தாலும் தெரியாது. அவருக்கு இந்த ஊர், அந்த ஊர், கணவர், மகள் எல்லாமே அந்தத் தாளுக்குள் இருந்தன. அதை நான் நன்றாகவே அறிந்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று பிறகு யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

என் மனைவிக்கு இந்தப் படிப்பில் பெரிய அபிப்பிராயம் இல்லை. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. நீங்க அந்தச் சுரைக்காயையும் ஓரத்துல ஒரு கடிதான் கடிச்சிருக்கீங்க" என்பாள். அவள் பேச்சில் உப்பு எப்போதும் ஒரு கை கூடுதல். ஆனால் உண்மை. எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஒரு முழுப் புத்தகத்தை மாடியம்மா எதிரே உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அதில் ஓர் அத்தியாயத்தையாவது ஒரு தட்டுகூட வாங்காமல் முடிக்க வேண்டும். ஒரு மனிதன் வாழ்நாளில் ஆசைப்படக் கூடாத விஷயம் என்று இதைச் சொல்ல முடியுமா?

யோசித்துப் பார்த்தேன். எனக்குப் போட்டி வேறு யாருமில்லை, அவருடைய கண்தான்.

அந்தச் சமயத்தில் அவருடைய படிக்கும் கண்ணாடியில் கீறல் விழுந்தது. புதிதாகப் போட்டுக் கொடு என்றார். இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையம் உண்டு. சட்டத்தில் பொருத்தும்போது அந்த மையம் கருவிழிக்கு நேரே நிற்க வேண்டும். ஒரு பக்கம் மேலோ கீழோ தள்ளினால் எழுத்து தெளிவாகத்தான் தெரியும், பவரும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு கண்ணும் ஒரே வரியைப் பிடித்து நிற்க இழுபறி போட வேண்டிவரும். கடையில் அட்டையைப் பார்த்து நாலு எழுத்துப் படித்தால் ஒன்றும் தெரியாது. வீட்டில் நாலு பக்கம் தாண்டும்போது வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், நெற்றிப்பொட்டு தெறிக்கும், புத்தகத்தை மூடிவிடத் தோன்றும்.

வலது லென்ஸின் மையத்தை ஓர் அரிசியின் பருமன் அளவு கீழே இறக்கினேன். தொழிலுக்குப் புதியவர்கள் கைதவறிச் செய்வது இது. என் கை ஒருநாளும் தவறியதில்லை. அதனாலேயே சுத்தமாகச் செய்ய முடிந்தது. பழைய கண்ணாடியை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். கீறல் விழுந்ததைப் போட்டுப் படிப்பது நல்லதல்ல என்று சொன்னேன், அது ஓரளவு உண்மையும்கூட. அவர் கண்ணுக்கு நான் ஒரு தீங்கும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொறுமையைத்தான் கொஞ்சம் குறைத்தேன்.

ஒரு வாரத்தில் வந்தார். படித்தால் தலை வலிக்கிறது என்றார். அவர் எதிரிலேயே கண்ணையும் பவரையும் சோதித்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. "வயசாகுதில்ல அம்மா. கண்ணு களைச்சுப்போகுது. நீங்க சாஞ்சு உக்காருங்க, நான் வாசிக்கிறேன்" என்றேன். வேறு கடையில் ஒரு தடவை காட்டட்டுமா என்று கேட்டார். தாராளமாகக் காட்டுங்கள் என்றேன். தாராளமாகச் சொன்னதால் அவர் போகவில்லை.

ஐயா, அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை. தினமும் மாலையில் கடையைச் சாத்திவிட்டு மாடியேறுவேன். ஒரு பக்கம் அல்ல, பத்துப் பக்கம், இருபது பக்கம். தட்டுகள் குறைந்துகொண்டே வந்தன. தெருவில் எனக்குப் பேரும் கூடியது. சொந்த மகன்கூட இப்படி உட்கார்ந்து படித்துக் காட்டமாட்டான் என்று சலவைக்கடைக்காரர் என் முகத்துக்கு நேரேயே சொன்னார். நான் மறுக்கவில்லை. எந்த மகன் செய்வான்?

அவ்வப்போது மாடியம்மாவுக்குத் தானே படிக்கும் ஆசை திரும்பும். வேறு கண்ணாடி போட்டுப் பாரேன் என்பார். போட்டுக் கொடுப்பேன், மையத்தை இன்னும் கொஞ்சம் இறக்கி. அப்படி மொத்தம் நாலு கண்ணாடி, ஒன்றுக்கும் நான் காசு வாங்கவில்லை. கடைசியில் அவரே எல்லாவற்றையும் மேசை டிராயரில் போட்டு மூடிவிட்டு, "என் கண்ணு இனிமே நீதான்" என்றார். அந்தச் சொல் எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சை என்னவோ செய்யவும் செய்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய நாவலை எடுத்தார். அவருடைய கணவர் கடைசியாக வாங்கிக் கொடுத்தது. நல்ல நாளில் படிக்கலாம் என்று பிரிக்காமலே வைத்திருந்தாராம். நூறு வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு நதிக்கரை ஊர், அங்கே ஒரு நீதிபதி, அவர் முன் கைதியாக வந்து நிற்பவன் சொந்தத் தம்பி. தம்பி குற்றவாளியா இல்லையா என்பது கடைசிவரை தெரியாது. இது நல்ல புத்தகம், வாக்கியங்கள் நாலு தெரு அல்ல, நாற்பது தெரு சுற்றின. என் பயிற்சிக்கு அதைவிட ஏற்றது கிடையாது. மாடியம்மாவும் ஒவ்வொரு நாளும் நான் எப்போது வருவேன் என்று காத்திருந்தார்.

பாதிக்கு வந்திருந்தபோது ஒருநாள் அந்தி நேரத்தில், நான் புத்தகத்தைப் பிரிக்கும் முன், அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"தெரு விளக்கைச் சுத்தி கலர் கலரா வளையம் தெரியுது, கண்ணாடி. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா கண்ணு உள்ளே வலிக்குது. உன் கண்ணாடியைப் போட்டதாலயா?"

என் கண்ணாடியால் வலி வரும், வளையம் வராது. அது எனக்குத் தெரியும். என் கடைச் சுவரில், கண் ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த சுவரொட்டி ஒன்று பல வருடமாகத் தொங்கியது. 'விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறதா? கண்வலி, தலைவலி, வாந்தி உண்டா? கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள். போன பார்வை திரும்பாது.' அழுத்தத்தைக் குறைக்க மருந்து இருக்கிறது, சின்னச் சிகிச்சையும் இருக்கிறது என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கும்.

ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். கண் மருத்துவரிடம் போனால் முதல் வேலையாக அதுவரை போட்ட கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி எந்திரத்தில் வைப்பார்கள். தவிரவும், சிகிச்சை என்றால் பல வாரம் வாசிப்பு தடைப்படும். நீதிபதி அப்போதுதான் தம்பியின் வீட்டைச் சோதனையிட ஆளனுப்பியிருந்தார். இந்த இரண்டில் எது பெரிய காரணம் என்று கேட்டீர்கள். பொய் சொல்லமாட்டேன், அன்றைக்கு எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தோன்றியது.

"ஒண்ணுமில்லம்மா. வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றேன்.

மறுநாள் காலை அந்தச் சுவரொட்டியைக் கழற்றினேன். வெயில் பட்டு நிறம் போயிருந்தது. தாள் கெட்டியாக இருந்ததால் தூக்கிப்போட மனம் வரவில்லை. மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைச் சமையலறை அலமாரித் தட்டில் விரித்து டப்பாக்களை அடுக்கிவிட்டாள்.

வலி விட்டுவிட்டு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாயா என்று மாடியம்மா கேட்டார், அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரம் கேட்டபோது, டாக்டரிடம் நானே பேசிவிட்டேன், வயதுக் கோளாறுதான், செய்வதற்கு ஒன்றுமில்லையாம் என்றேன். கண் குளிரச் சொட்டுமருந்து ஒன்று கொடுத்தேன், அதில் கெடுதலும் இல்லை, நன்மையும் இல்லை. மகளிடம் சொல்லாதே, வேலையை விட்டுவிட்டு ஓடிவருவாள் என்று அவரே கேட்டுக்கொண்டார். பெரியவர் பேச்சைத் தட்டுவது எனக்குப் பழக்கமில்லை.

பிறகு ஒரு காலையில் என் மனைவி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். மாடியம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறார், வலது கண் செவசெவ என்று இருக்கிறது, வண்டி வைத்துக் கூட்டிப் போங்கள் என்றாள். நான் மேலே போய்ப் பார்த்தேன். சுவரொட்டியில் போட்டிருந்தது ஒன்று பாக்கியில்லை.

"வயித்துக் கோளாறு" என்றேன். "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல."

"கண்ணு ஏங்க செவந்திருக்கு?"

"வாந்தி எடுத்தா கண்ணு செவக்காதா?"

கண் விஷயத்தில் என் சொல்லுக்கு அவள் மறுசொல் சொன்னதில்லை. வயிற்றுக்கு மாத்திரை வாங்கி வரச் சொன்னேன். அன்று கடையைத் திறக்கவில்லை. நாள் முழுக்க அவர் அருகில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டேன். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன் என்று என் மனைவியே சாட்சி சொல்வாள். மாலையில் வலி தணிந்தது. வலது கண்ணில் அதோடு கொஞ்சம் வெளிச்சம் மட்டும்தான் மிஞ்சியது. இடது கண்ணுக்குச் சில வாரம் தவணை கிடைத்தது. அந்தத் தவணைக்குள் நாங்கள் ஆறேழு அத்தியாயம் முடித்தோம்.

அதன் பிறகு அவருக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

இனிமேல் வாசிப்பு இன்னும் நன்றாக நடக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அவருக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? ஆனால் மனிதர்களைப் பற்றி நாம் போடும் கணக்கெல்லாம் தப்பு. நான் வாசிப்பேன், அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருப்பார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. கை நாற்காலிக் கையில் இருக்கும், விரல் அசையாது. முதலில் நான் அவ்வளவு தேறிவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அப்புறம் சந்தேகம் வந்து, ஒரு முழுப் பக்கத்தை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக வாசித்தேன். அப்போதும் தட்டு விழவில்லை. ஆக, ஒரு தட்டுகூட வாங்காமல் ஓர் அத்தியாயம் முடித்தேன். என் ஆசை நிறைவேறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சொல்லிக்கொடுக்கிறவர் கடமையை இப்படிக் கைவிடலாமா?

ஒருநாள் கேட்டார். "வாசிக்க வேண்டாம். அந்தத் தம்பி குத்தம் பண்ணினானா இல்லையா, அதை மட்டும் சொல்லிடு. நீ கீழே படிச்சு முடிச்சிருப்பே."

முடித்திருந்தேன். ஆனால் முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டால் மீதி அத்தியாயங்களை யார் ஆர்வமாகக் கேட்பார்கள்? வரிசையாகப் போவோம் அம்மா, இன்னும் நாலு அத்தியாயம்தான் என்றேன். அவர் தலையசைத்தார். புத்தகத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்து, திறந்த பக்கத்தை விரல்களால் தடவினார். மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகத் தேடுவதுபோல.

"எழுத்தைப் பார்க்கணும் போல இருக்கு, கண்ணாடி" என்றார். "கேக்கறது வேற."

அன்று அதற்குமேல் வாசிப்பு நடக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு இறங்கி வந்தேன்.

நான் மாட்டிக்கொண்டது என் மனைவியால். அவள் படிக்கிறவளே இல்லை, அதை நான் குறையாகச் சொல்லவும் இல்லை. ஒருநாள் அலமாரியைத் துடைக்க டப்பாக்களை இறக்கியிருக்கிறாள். தட்டில் விரித்த தாளில் எழுத்து தெரிந்திருக்கிறது. கையில் ஈரத்துணியோடு நின்றபடியே படித்திருக்கிறாள். நான் அத்தனை பாடுபட்டு அயல்மொழியில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் படித்தேன். அவள் சொந்த மொழியில் ஒரே ஒரு தாள் படித்தாள்.

அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"ஏங்க, இதுல போட்டிருக்கறதெல்லாம் மாடியம்மாவுக்கு இருந்துச்சே. நீங்க இதைப் படிச்சதே இல்லையா?"

"செவத்துல தொங்கறதை எல்லாம் யார் படிக்கறாங்க?" என்றேன்.

அவள் தாளை மடித்துக்கொண்டாள். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று தனக்குள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பழமொழிக்கும் இடம் பொருள் ஏவல் வேண்டாமா? பிறகு மாடிக்குப் போய், மகளின் நம்பரைக் கேட்டு வாங்கி, தானே பேசியிருக்கிறாள்.

மகள் வந்து சேர்ந்தாள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அந்த மொழி பேசும் இன்னொரு மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். மனதுக்குள் பல தடவை சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னேன். நம் மொழியில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: 'வருக, மாண்புமிகு நங்கையே. தங்கள் நெடும் பயணம் இடரின்றி நிறைவுற்றதென நம்புகிறேன்.' ஓர் எழுத்து பிசகவில்லை.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் மொழியிலேயே பதில் சொன்னாள்.

"மன்னிச்சுக்கோங்க. எங்க ஊர்ல இப்படி யாரும் பேசறதில்ல. செத்துப்போனவங்கதான் பேசுவாங்க."

ஐயா, இந்த வழக்கில் எனக்கு உண்மையிலேயே வலித்த இடம் அதுதான். இத்தனை வருட உழைப்பு. மாடியம்மா ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். அவர் திருத்தியது உச்சரிப்பை மட்டும்தான்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மகள் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வளையம் தெரிந்த நாளிலேயே வந்திருந்தால் இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம், வாந்தி எடுத்த அன்று வந்திருந்தால்கூட இடது கண்ணாவது தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். டிராயரிலிருந்த நாலு கண்ணாடிகளையும் எந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். கை தவறினால் ஒரு தடவை தவறும். நாலு தடவையும் ஒரே கண்ணில், ஒரே பக்கமாக, ஒன்றைவிட ஒன்று கூடுதலாகத் தவறாது. அதைக் கண்டுபிடித்தவர் வேலை தெரிந்த ஆள்.

ஆகவே, தெளிவாக எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் அர்த்தம் தேட வேண்டியிருக்காது. கண்ணாடிகளைத் தெரிந்தே கெடுத்தேன். சுவரொட்டியைப் படித்திருக்கிறேன், தினமும் தூசி தட்டும்போது படித்திருக்கிறேன். வளையம் என்று அவர் சொன்ன நொடியிலேயே அது என்ன நோய் என்று எனக்குத் தெரியும். எந்த டாக்டரிடமும் நான் பேசவில்லை. வாந்தி எடுத்த காலையில் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போகும் தூரம் மிகச் சின்னது என்பதும் தெரியும். அதற்குப் பிறகு இடது கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை, பக்கத்தைத் திருப்பும் நேரத்தில் எல்லாம் தலைநிமிர்ந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தை வாசித்தேன். இவ்வளவும் செய்தது நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை. என் மனைவிக்கு எதுவும் தெரியாது.

கெட்டவன் என்று என்னை எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் மாடியம்மாவுக்கு அத்தனை மாதம் அத்தனை மாலைகளில் வாசித்துக் காட்டியது யார் என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நியாயமாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலத்தை அவருடைய மொழியிலும் எழுதி இதோடு பின் குத்தியிருக்கிறேன், அகராதி இல்லாமல் எழுதியது. அவரால் இனிமேல் படிக்க முடியாது என்பதால் யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். மகள் அவசரக்காரி, விழுங்கி விழுங்கி வாசிப்பாள். அனுமதித்தால் நானே வாசிக்கிறேன். கையில் விலங்கு இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பக்கம்தான். அவர் விரலை நாற்காலிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் போதும். நான் எங்கே தவறு செய்தேன் என்று அவரால்தான் சொல்ல முடியும்.